பெரிய வெள்ளியன்று கம்பி மாற்றியது

2025 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. பெரிய வெள்ளி. காலை 4.50க்கு எழுந்தேன். 5.00க்கு அடுப்பில் தண்ணீர் வைத்தேன். 5.15க்கு அப்பாவைப் பக்கம் திருப்பி, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டேன். 5.40க்குத் தேத்தண்ணீர், அவருக்குச் சீனி அரைக் கரண்டி. 6.10க்கு அவரைக் கட்டிலிலிருந்து கதிரைக்கு மாற்றினேன். 6.30க்கு இரத்த அழுத்தம் பார்த்து எழுதினேன். குளிசைகள் மூன்று. 7.00க்கு முன்கதவைத் திறந்தேன். கேற்றைத் திறக்கவில்லை. திறப்பதற்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

நாட்குறிப்பில் எனக்கு ஒரு நாளுக்கு ஒரு பக்கம் போதும். அன்றைய நாளுக்கு மட்டும் ஒட்டுத்தாள் ஒன்று ஒட்டியிருக்கிறேன். அதை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு துறைமுகத்திலிருந்து மூன்று தெரு உள்ளே. வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். அப்பாவுக்கு எண்பத்திரண்டு வயது. துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கிரேன் ஓட்டியவர். இரண்டு வருடங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. வாயும் நினைவும் விழவில்லை. எனக்கு ஐம்பத்தொன்று. நகரத்தில் ஓர் அரச அலுவலகத்தில் எழுதுவினைஞர். கலியாணம் செய்யவில்லை. தம்பி குடும்பத்தோடு வெளிநாட்டில் இருக்கிறான்; ஞாயிறு தோறும் தொலைபேசி எடுப்பான்.

நான் வேலைக்குப் போகும் நாட்களில் அப்பாவைப் பார்க்க ஓர் அக்கா வருவார். சனிக்கிழமை காலை இரண்டு மணித்தியாலமும் ஞாயிறு காலை இரண்டு மணித்தியாலமும் கூட வருவார். காரணம், நான் எங்கள் கோயில் பாடகர் குழாமில் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். சனி பழக்கம், ஞாயிறு பூசை. வாரத்தில் இந்த நான்கு மணித்தியாலம்தான் அலுவலகமும் அப்பாவும் இல்லாமல் நான் இருக்கும் நேரம். பழக்கம் முடிந்து வரும் வழியில் பத்து நிமிடம் கடற்கரையில் சைக்கிளை நிறுத்திவிட்டு நிற்பேன். அதையும் நாட்குறிப்பில் எழுதுவேன். ஐம்பத்தொரு வயதுப் பெண்ணொருத்தி, சும்மா கடலைப் பார்க்கப் போகிறேன், அதுவரைக்கும் அப்பாவைப் பாருங்கள் என்று கேட்டால் அது ஒருவருக்கும் ஒரு காரணமாகத் தெரியாது. கோயிலில் பேஸ் வாசிக்க வேறு ஆள் இல்லை என்றால் அது காரணம்.

எங்கள் கோயில் பங்கில் தவக்காலம் தொடங்கினால் பேஸும் டிரம்ஸும் மூடப்படும். பாட்டுக்குக் கீபோட் மட்டும், அதுவும் மெதுவாக. தவக்காலத்தின் முதல் நாள், விபூதிப் புதனன்று, ஊதாத் துணியால் சுற்றிக் கோயில் மேல்மாடியில் வைத்தால் பிறகு உயிர்ப்புத் திருநாளுக்கான பாட்டுப் பழகும்போதுதான் எடுப்போம். ஆகவே இந்தத் தவக்காலத்தில் ஏறக்குறைய ஆறு கிழமை நான் பழக்கத்துக்குப் போகவில்லை. அக்காவுக்கும் சனி ஞாயிறு விடுமுறை. விடியப்புறப் பூசைக்கு மட்டும், அப்பா நித்திரையாய் இருக்கும்போது, பக்கத்து வீட்டில் கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டு ஓடிப்போய் நாற்பத்தைந்து நிமிடத்தில் திரும்பி வருவேன். அந்த நான்கு மணித்தியாலம் இல்லாவிட்டால் வாரம் எப்படி இருக்கும் என்று அந்த ஆறு கிழமையில் எனக்கு விளங்கியது.

ஏப்ரல் 12, சனிக்கிழமை, முதல் பழக்கம். ஊதாத் துணியை அவிழ்த்தபோதே கம்பிகள் கறுத்துப் பச்சை பிடித்திருந்தன. மேல்மாடி யன்னல் கடல் பக்கம். இரண்டாவது பாட்டின் நடுவில் மெல்லிய கம்பி அடியில் அறுந்து என் மணிக்கட்டில் அடித்தது.

பாடகர் குழாமை நடத்துபவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர். என்னைவிடப் பதின்மூன்று வயது குறைவு. பதறாமல், கீபோட்டில் கை வைத்தபடியே சொன்னார்.

“கவலைப்படாதேங்கோ அக்கா. இதுக்குள்ளயே பேஸ் இருக்குத்தானே. இடது கையால அமத்தினாச் சரி.”

“அது மெசின் சத்தமெல்லோ.”

“சனத்துக்குத் தெரியாது அக்கா.”

ஒன்பது வருடம் வாசித்தவளிடம் சொல்கிறோம் என்று அவர் யோசிக்கவில்லை. பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “சரி, பெரிய சனி காலமைப் பழக்கத்துக்கு முதல் கம்பி மாத்தினா நீங்கள் வாசியுங்கோ. இல்லாட்டி இனிமேல் இதையே போடுவம். உங்களுக்கும் அப்பாவை விட்டுட்டு வாற கரைச்சல் இல்லை” என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார்.

அடுத்த நாள் குருத்தோலை ஞாயிறு. தம்பி தொலைபேசியில் அதையே வேறு மாதிரிச் சொன்னான். “உன்னை விட்டா ஆளில்லை எண்டா போ அக்கா, நான் ஒண்டும் சொல்லேல்ல. கீபோட்டில வருது எண்டா ஏன் மினக்கெடுறாய்? அந்த அக்காவும் சனி ஞாயிறு பாவம்தானே. விடியப்புறப் பூசை ஒண்டே காணும் உனக்கு.”

சரி என்று சொன்னேனா என்று நாட்குறிப்பில் இல்லை. சொல்லியிருக்க மாட்டேன்.

அப்பாவைப் பார்க்கும் அக்கா சித்திரை வருசத்துக்கு, குடாவுக்கு அந்தப் பக்கம் கட்டைபறிச்சானில் உள்ள தன் வீட்டுக்குப் போய்விட்டார். பெரிய சனி காலைதான் திரும்புவார். நான் அலுவலகத்துக்கு லீவு போட்டேன். பழக்கம் முடிந்து கிற்றாரை வீட்டுக்குக் கொண்டுவந்து, பன்னிரண்டாம் திகதி பின்னேரம் கேற்றைப் பூட்டினேன். மரக்கறிக்காரர் வந்தால் கேற்றுக்கு மேலால் வாங்குவேன். கடைக்குப் போவதென்றால் அப்பாவைத் தனியே விட வேண்டும். ஒருமுறை அப்படிப் போன பன்னிரண்டு நிமிடத்தில் அவர் கதிரையிலிருந்து வழுகி நிலத்தில் கிடந்தார். அதற்குப் பிறகு நான் போவதில்லை. நகரத்தில் கிற்றார்க் கம்பி விற்கிறார்கள், பேஸ் கம்பி இல்லை. கொழும்புக்குப் போயிருந்த அலுவலகத் தோழி வியாழன் பின்னேரம் வாங்கிவந்து, அவசரத்தில் உள்ளேயும் வராமல், கேற்றுக்கு மேலால் நீட்டிவிட்டுப் போனார். ஆக, எனக்குக் கிடைத்தது பெரிய வெள்ளி ஒரு நாள்தான்.

பெரிய வெள்ளி எங்கள் வீட்டில் எப்படி என்று சொல்ல வேண்டும். பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதத்தோடு கோயில் மணிகள் நிற்கும். சனி இரவுப் பூசையில் அதே கீதத்துக்குத்தான் மீண்டும் அடிக்கும். இடையில் மணிக்குப் பதிலாக மரக்கட்டை. இது கோயிலின் வழக்கம். அப்பா அதை வீட்டுக்கும் சட்டமாக்கியவர். வானொலி இல்லை, தொலைக்காட்சி இல்லை, ஆணி அடிப்பதில்லை, பாட்டு முணுமுணுப்பதும் இல்லை. என்னைக் கூப்பிட அவர் கட்டிலருகே ஒரு சின்னப் பித்தளை மணி வைத்திருக்கிறேன். வியாழன் மாலையிலிருந்து அதையும் தொடமாட்டார். இடது கையால் ஊன்றுகோலை எடுத்துக் கதிரைக் காலில் தட்டுவார். டக், டக். தண்ணீருக்கு இரண்டு, கழிப்பறைக்கு மூன்று.

9.30க்குச் சாப்பாட்டு மேசையைத் துடைத்துத் துணி விரித்து, கிற்றார்ப் பெட்டியைத் தூக்கி வைத்தேன். கறுத்த நீளப் பெட்டி. அப்பா கதிரையிலிருந்து பார்த்தார்.

“இண்டைக்குச் செத்தவர் ஒருத்தர்தான். இது ஆர்?”

“கம்பி மாத்தப்போறன் அப்பா.”

“பெரிய வெள்ளியிலயோ?”

“நாளைக்கு எட்டு மணிக்குப் பழக்கம். வேற நாள் இல்லை.”

யோசித்தார். “ஆணி அடிக்கிறதுதான் பாவம். முறுக்கிறதுக்கு ஒண்டும் சொல்லேல்ல. ஆனாச் சத்தம் வரக்கூடாது.”

ஒன்பது வருடத்தில் நான் ஒருமுறையும் கம்பி மாற்றியதில்லை. எனக்கு முன் வாசித்தவர் வெளிநாடு போகும்போது மாற்றித் தந்த கம்பிகள்தான் இருந்தன. ஆகவே தொலைபேசியில் ஒரு வீடியோ இறக்கி வைத்திருந்தேன். தாடி வைத்த வெள்ளைக்காரர் ஒருவர், பதினொரு நிமிடம், ஆங்கிலத்தில் விளக்குகிறார். போட்டதும் அவர் குரலோடு இரண்டு சொட்டு இசையும் வந்துவிட்டது. டக் டக் டக் டக் டக் என்று ஊன்றுகோல்.

“காதுக்குள்ள கொழுவிக் கேக்கிறன் அப்பா. உங்களுக்குக் கேக்காது.”

“காதுக்குள்ள கேட்டாலும் கேட்டதுதான்.”

சத்தத்தை முழுதாகக் குறைத்தேன். திரையில் எழுத்து ஓடவில்லை. படம் போதும் என்று நினைத்தேன். கைவேலைதானே, பார்த்துச் செய்யலாம்.

நான் எந்த வேலையையும் ஒழுங்கில்தான் செய்வேன். ஒரு படி பார்ப்பது, வீடியோவை நிறுத்துவது, அந்தப் படியைச் செய்வது, பிறகு அடுத்தது. முழுவதையும் முதலிலேயே பார்த்திருக்கலாம். ஆனால் ஊன்றுகோல் எப்போது தட்டும் என்று தெரியாத வீட்டில் பதினொரு நிமிடம் தொடர்ந்து உட்கார நான் மறந்துபோயிருந்தேன்.

பழைய கம்பிகள் தளரும்போது மரத்தில் அடித்துச் சத்தம் போடாமல் இருக்க, கழுத்தின் கீழ் துவாயை மடித்து வைத்தேன். கிற்றாரின் தலையில் நான்கு முளைகள். ஒவ்வொன்றையும் திருப்ப வெளியில் காது மாதிரி ஒரு பிடி. மூன்று கம்பிகளையும் மெல்ல அவிழ்த்து, அறுந்த நாலாவதையும் எடுத்து, தனித்தனிக் கடித உறைகளில் போட்டு இலக்கம் எழுதினேன். கழுத்தைத் துடைத்தேன். துணி பழுப்பாக வந்தது. 10.25 வரைக்கும் எல்லாம் சரி.

புதுக் கம்பிகளில் தடித்ததுதான் முதல். அடியில் உள்ள இரும்புத் தகட்டின் துளையால் கோத்து இழுத்தேன். நுனியில் உள்ள குண்டு வந்து பொருந்தியது. வீடியோவில் வெள்ளைக்காரர் கம்பியைத் தலைவரை இழுத்து, அதற்குரிய முளைக்கு நேரே விரலால் பிடித்து, அந்த இடத்திலேயே குறட்டால் வெட்டினார். நிறுத்தினேன். கம்பியை இழுத்து, முளையின் நடுவுக்கு நேரே பென்சிலால் அடையாளம் போட்டு, அளவு நாடாவால் இரண்டு தரம் சரி பார்த்தேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். வெட்டினேன். 10.42.

நுனியை முளையின் துளைக்குள் விட்டுக் காதைத் திருப்பினேன். அரைச் சுற்று வந்தது. வழுகி வெளியே வந்துவிட்டது. மறுபடி விட்டேன். வழுகியது. நான்காவது முறை கம்பியின் மேல் சுற்றியிருந்த மெல்லிய கம்பி நுனியிலிருந்து பிரியத் தொடங்கியது.

வீடியோவை ஓடவிட்டேன். வெள்ளைக்காரர் தான் வெட்டிய கம்பியைத் தூக்கிக் காட்டினார். அது முளையிலிருந்து வழுகியது. விரலை இப்படியும் அப்படியும் ஆட்டினார். திரை முழுக்கச் சிவப்பில் ஒரு பெருக்கல் அடையாளம் விழுந்தது. பிறகு வேறொரு கம்பியை எடுத்து, முளையைத் தாண்டி ஒரு கை நீளம் விட்டு வெட்டினார்.

அவர் முதலில் செய்து காட்டியது செய்யக் கூடாததை. அதை வாயால் சொல்லியிருப்பார்.

நான் கதிரையில் இருந்தேன். அப்பாவின் தோள் ஆடியது. சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டு மூண்டு சுத்து மிச்சம் விடவேணும் பிள்ளை. கிரேனில எண்டாலும் உருளையில மிச்சச் சுத்து இல்லாட்டிப் பாரம் கீழதான்.”

“உங்களுக்குத் தெரியுமோ?”

“நீ வெட்ட முதலே தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லேல்ல?”

“நீ கேக்கேல்லயே.”

குறட்டைக் கீழே வைத்தேன். “நாளைக்கு நான் போகக்கூடாது எண்டுதானே பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்?”

“சத்தம் போடாத. பெரிய வெள்ளி.”

அதற்குப் பிறகு நாங்கள் சண்டை பிடித்தது முழுவதும் குசுகுசுப்பில். வெளியில் இருந்து ஒருவர் பார்த்திருந்தால் செபம் சொல்கிறோம் என்று நினைத்திருப்பார். வேறு கம்பி வாங்க ஏலாது என்று சொன்னேன். இனிமேல் சனி ஞாயிறும் இதே நாலு சுவருக்குள்தான் என்று சொன்னேன். ஆறு கிழமை எனக்கு மூச்சு முட்டியது என்று சொன்னேன். அவர் உடுத்திருந்த சாரத்தின் கரையை இடது கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

“ஆறு கிழமை வீட்டில நிண்டனி,” என்றார். “நல்லா இருந்தது.”

“ஆருக்கு?”

“எனக்கு.”

பிறகு, நான் கேட்காமலே, “நீ போனா வரமாட்டாய் எண்டு இல்லை. அந்த மனிசி நல்ல மனிசிதான். ஆனா நீ போனா நான் மணிக்கூட்டைத்தான் பாத்துக்கொண்டு இருப்பன். வேற என்னத்தைப் பாக்கிறது?” என்றார்.

எழுந்து உள்ளே போனேன். நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: “11.05 - 11.20 குசினி. ஒன்றும் செய்யவில்லை.” குசினி யன்னலுக்குக் கம்பி போட்டிருக்கிறது. அதற்கு அப்பால் எங்கள் மதில், அதற்கு அப்பால் பக்கத்து வீட்டு மதில். துறைமுகத்தில் ஏதோ கப்பல் இரண்டு தரம் ஊதியது. கப்பலுக்குப் பெரிய வெள்ளி இல்லை. அப்பா சொன்னது அநியாயம் என்று நினைக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவர் இருக்கும் கதிரைக்கும் நான் நிற்கும் குசினிக்கும் பதினொரு அடி. அவருக்கு அந்தப் பதினொரு அடியும் இல்லை. ஆனால் அதற்காக எனக்கு அந்த நான்கு மணித்தியாலம் வேண்டாம் என்றும் நினைக்க முடியவில்லை. இரண்டும் உண்மையாக இருந்தன.

11.20க்குக் கஞ்சிக்கு அரிசி கழுவிப் போட்டேன்.

நண்பகலில் எங்கள் தெருவால் சிலுவைப்பாதை வந்தது. கேற்றுக்குப் போகாமல், அப்பாவின் கதிரையை முன் யன்னலுக்குத் தள்ளினேன். முதலில் மரக்கட்டைச் சத்தம், பிறகு வெயிலில் குடைபிடித்த சனம். அப்பா இடது கையால் சிலுவை போட்டார். கூட்டத்தின் நடுவில் பாடகர் குழாம் ஆசிரியர் என்னைக் கண்டார். முகத்தைப் பவ்வியமாக வைத்துக்கொண்டே, இடுப்பருகே இரண்டு விரலால் கம்பி மீட்டுவதுபோல் காட்டிப் புருவத்தை உயர்த்தினார். முடிந்ததா என்று கேட்கிறார். நான் தலையாட்டினேன். அந்த நேரம் மேசையில் ஒரு கம்பியும் இல்லாத கிற்றார் கிடந்தது. பெரிய வெள்ளியில் சொன்ன பொய். அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

பொய் சொன்னதால் ஒரு நன்மை. இனி முடிக்காமல் இருக்க ஏலாது.

கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போது யோசித்தேன். மெல்லிய மூன்று கம்பிகளும் புதிது, இன்னும் வெட்டவில்லை. தடித்தது மட்டும்தான் போய்விட்டது. பழைய தடித்த கம்பி முதலாம் இலக்க உறையில் முழுதாக இருக்கிறது. ஒன்பது வருட அழுக்கு, ஆனால் அறவில்லை. எனக்கு முன் வாசித்தவர் பழைய கம்பியை அவித்தால் சத்தம் திரும்பும் என்று ஒருமுறை சொன்னது ஞாபகம். அப்போது பகிடி என்று நினைத்தேன்.

2.00 மணிக்குச் சின்னப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்துக் கம்பியை வளையமாகச் சுற்றிப் போட்டேன். தண்ணீர் சாம்பல் நிறமானது. மேலே எண்ணெய்ப் படலம். குசினியிலிருந்து மணம் போயிருக்க வேண்டும்.

“திரும்பவும் கஞ்சியோ?” என்று அப்பா உள்ளிருந்து கேட்டார்.

“கம்பி அவிக்கிறன்.”

“உப்புப் போட்டியோ?”

சிரிக்கக்கூடாது என்று நினைத்தேன். சிரித்துவிட்டேன். கோபம் போகவில்லை, சிரிப்பு தனியாக வந்தது.

3.00 மணிக்கு அடுப்பை நிறுத்தினேன். ஆண்டவர் மரித்த நேரம். கோயிலில் சிலுவை முத்தி நடக்கும். எங்களுக்குப் போக வழியில்லை. சுவரிலிருந்த சிலுவையை இறக்கி அப்பாவின் உதட்டுக்குக் காட்டினேன், நானும் முத்தி செய்தேன். சிலுவையை அவர் ஒற்றைக் கையால் பிடித்து நெடுநேரம் வைத்திருந்தார். நான் வாங்கவில்லை. அவராகத் தந்தபோது 3.35.

3.40க்கு மறுபடி தொடங்கினேன். அவித்துத் துடைத்த பழைய கம்பி, முன்பு வளைந்த இடத்திலேயே வளைந்து முளையில் ஏறியது. மற்ற மூன்றையும் முளையைத் தாண்டி ஒரு கை நீளம் விட்டு, அந்த நீளத்தை நாடாவாலும் அளந்து, வெட்டினேன். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் அப்பாவைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடிக் கண்ணைத் திறந்தார். அதுதான் ஓம்.

சுற்று ஒன்றின் கீழ் ஒன்றாக, மேலே ஏறாமல், மூன்று மூன்று சுற்று. ஆனால் எவ்வளவு இறுக்குவது என்று தெரியவில்லை. கம்பியை மீட்டினால்தான் அது எங்கே நிற்கிறது என்று தெரியும். சுருதி பார்க்கும் சின்னக் கருவி ஒன்று என்னிடம் உண்டு. கிற்றாரின் தலையில் கவ்வி நிற்கும். அதற்கும் சத்தம் வேண்டும். விரலால் அமர்த்திப் பார்த்து, தொய்வு போகும் வரைக்கும் மட்டும் இறுக்கினேன். நாலாவது கம்பியை இறுக்கும்போது என் சட்டைக் கைப் பொத்தான் அதில் தட்டுப்பட்டது. ட்ங் என்று சின்னதாக ஒரு சத்தம், எந்தச் சுருதியிலும் இல்லாத சத்தம்.

இருவரும் அசையவில்லை.

“தட்டுப்பட்டது அப்பா.”

“எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும்.”

4.55க்கு வேலை முடிந்தது. முடிந்தது என்று எழுதிவிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டேன். நான்கு கம்பிகளும் நேராக இருந்தன. அவை பாடுமா என்று தெரியாது. அவித்த கம்பி முழு இறுக்கத்தில் நிற்குமா, அறுமா என்றும் தெரியாது.

6.30க்கு ஆசிரியர் தொலைபேசி எடுத்தார். “முடிஞ்சுதோ அக்கா? எப்பிடிச் சத்தம்?”

“போட்டாச்சு. இன்னும் மீட்டிப் பாக்கேல்ல.”

“மீட்டாம எப்பிடி அக்கா போட்டாச்சு?”

“அப்பா.”

அவருக்கு என் அப்பாவைத் தெரியும். சிரித்தார். “சரி. ஆனா சுருதி சேர்த்துத்தான் கொண்டுவர வேணும். புதுக் கம்பி இறங்கிக்கொண்டே இருக்கும், ரெண்டு மூண்டு தரம் சேர்க்கோணும். எட்டு மணிக்கு எல்லாரும் வந்து நிக்கேக்க அரை மணித்தியாலம் டொங் டொங் எண்டு கொண்டிருக்க ஏலாது. கரைச்சலெண்டாச் சொல்லுங்கோ, நான் கீபோட்டில...”

“கரைச்சலில்லை,” என்றேன்.

பிறகு அக்காவுக்கு எடுத்தேன். முதல் பஸ்ஸில் ஏறி ஏழு மணிக்கு முதல் வந்துவிடுவேன் என்றார். வருசத்துப் பலகாரம் கொண்டுவரட்டோ, உங்களுக்கு இன்னும் தவசுதானே என்று கேட்டார். ஞாயிறுக்கு வையுங்கோ அக்கா என்றேன்.

அப்பா இரண்டு கதையையும் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டிலுக்கு மாற்றும்போது, என் தோளில் இடது கையைப் போட்டபடி, “நாளைக்கு இரவுதான் மணி அடிக்கும்” என்றார்.

“தெரியும் அப்பா.”

“அதுவரைக்கும் இந்த வீட்டில சத்தம் இல்லை.”

“காலமை சுருதி சேர்க்கவேணும். வீட்டிலதான் சேர்க்கவேணும்.”

போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டேன். பித்தளை மணியை எடுத்துத் தள்ளி வைத்து, ஊன்றுகோலைக் கைக்கு எட்டவைத்தேன். 8.15க்கு விளக்கை அணைத்தேன்.

ஏப்ரல் 19, சனிக்கிழமை. 4.50க்கு எழுந்தேன். வெக்கைக்கு முன்கதவைத் திறந்துவிட்டேன், அடுப்பில் தண்ணீர் வைக்கவில்லை. குசினிக்குள்ளோ பின்பக்கக் குளியலறைக்குள்ளோ கொண்டுபோய்க் கதவைச் சாத்திவிட்டு மெல்லச் செய்யலாம் என்று படுக்கையில் யோசித்து வைத்திருந்தேன். எழுந்தபோது அது பிடிக்கவில்லை. அப்பாவின் அறைக் கதவு திறந்திருக்க, மேசையருகே கதிரையை இழுத்துப்போட்டு, கிற்றாரை மடியில் வைத்துச் சுருதிக் கருவியைக் கவ்வவிட்டேன். அவித்த தடித்த கம்பியைப் பெருவிரலால் மீட்டினேன். தொய்ந்த, தணிந்த ஒரு சத்தம் மேசை வழியாக நிலத்துக்குப் போனது. காதைத் திருப்பினேன், மீட்டினேன். திருப்பினேன், மீட்டினேன். கருவியில் முள் ஏறி ஏறி வந்து நடுவில் நின்றது. கம்பி அறவில்லை.

உள்ளே ஊன்றுகோல் கட்டில் காலில் தட்டியது. ஒருமுறை மட்டும். ஒன்றுக்கு எங்களிடம் அர்த்தம் இல்லை.

“என்னப்பா?”

“முன்கதவைச் சாத்து,” என்றார். “சனத்துக்குக் கேக்கும்.”

எழுந்து முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு வந்து, அடுத்த கம்பியை மீட்டினேன்.